கூட வந்தவர் சொல்லட்டும்

வீடுகளுக்கு நாக்கு வைத்த பிறகுதான் தமிழ்நாட்டில் மனிதர்கள் வாயை அடக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் நிலைமை கைமீறிப் போயிருந்தது. ஒரு பெருமழை ஓய்ந்தால் போதும், இன்ஷூரன்ஸ் கம்பெனி வாசலில் பொய்கள் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். ஒற்றை அறையில் குடியிருந்த ஒருவர், தன் வீட்டில் பதினெட்டு ஃபிரிட்ஜ் மூழ்கிவிட்டதாக எழுதிக் கொடுத்தார். குன்றின் உச்சியில் வீடு கட்டியிருந்த இன்னொருவர், தன் காரை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாகக் கண்ணீர் விட்டார். போய்ப் பார்த்தால் கார் அவருடைய மச்சான் வீட்டு வாசலில் கல்யாண மாலையோடு நிற்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. இனிமேல் சொந்தக்காரர் பேச்சு செல்லாது. வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று வீடே சொல்லட்டும், வண்டிக்கு என்ன ஆயிற்று என்று வண்டியே சொல்லட்டும்.

சட்டத்தில் அந்தக் கருவிக்கு முழ நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. ஜனங்கள் 'நாக்கு' என்றார்கள். பொரிவிளங்காய் உருண்டை அளவில் ஒரு பெட்டி. அதை ஹால் சுவரில் பதித்துவிடுவார்கள். அதிலிருந்து மயிரிழை மாதிரி நரம்புகள் கிளம்பி சுவர், கூரை, குழாய், கம்பி என்று எல்லாவற்றுக்குள்ளும் ஓடும். எங்கே ஈரம், எங்கே விரிசல், எங்கே துரு என்று அதற்குத் தெரிந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை சர்வேயர் வந்து கேட்பார். அது வாயைத் திறந்து சொல்லும். அதனால் பொய் சொல்லவே முடியாது என்று, செய்து கொடுத்த எஞ்சினியர்கள் சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் பண்ணியிருந்தார்கள்.

அவர்கள் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் நாக்கு பேசுவதற்கு யாரிடமாவது பேச்சுப் பழக வேண்டும் இல்லையா? வீட்டில் யார் குரல் அதிகம் கேட்கிறதோ அவரிடம் அது பழகிக்கொண்டது. பேச்சோடு குணமும் ஒட்டிக்கொண்டது. எஞ்சினியர்கள் இதை யோசிக்கவே இல்லை.

தாம்பரத்துக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் அந்தத் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீல் வீட்டைப் போய் "ஒழுகுகிறதா" என்று கேட்டால், "எந்த அறை, எந்த மூலை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்" என்றது. அரசியல் கட்சிக்காரர் வீடு, எல்லா விரிசலுக்கும் முந்தைய உரிமையாளரே பொறுப்பு என்று அறிக்கை விட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஹாலில் நின்று வீடு பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். "செவுரே இந்தக் கத்து கத்துதுன்னா மாமியார் என்ன கத்து கத்துவாங்க" என்று, காபி வருவதற்கு முன்பே எழுந்து போன சம்பந்தம் உண்டு. புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட வீட்டுக்குள் போட முடியவில்லை. எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். சாயங்காலமானால் கரை முழுக்கத் தம்பதிகள். அந்த வருஷம் ஏரி பாதி வற்றியது வெயிலால் இல்லை, அந்தச் சூட்டால்தான்.

தெருவின் கடைசி வீடு தயாளனுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். முப்பது வருஷம் வானத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்ததில், கீழே இருப்பதெல்லாம் எறும்பு மாதிரி தெரிந்து, அதையெல்லாம் யானையாக்கிச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது என்பாள் அவர் மனைவி சுகந்தி. தயாளன் சொன்னால், அவர் வீட்டுக் கொசு தலையணையைத் தூக்கிக்கொண்டு போகும். அவர் வீட்டு முருங்கைக்காயைச் சாம்பாரில் போட இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்களும் வந்து பிடிக்க வேண்டும்.

அவரிடம் பெட்ரோலில் ஓடும் பழைய நீலக் கார் ஒன்று இருந்தது. வீட்டுக்குள் பேசினால் சுகந்தி திருத்துகிறாள் என்று, பேச வேண்டியதையெல்லாம் அந்தக் காரிடம்தான் பேசுவார். ஆகவே காரின் நாக்கு அவரிடம் பழகியது. குழியில் இறங்கினால் "தலைவரே, பாதாளம்" என்று அலறும். தூறலுக்கு "மூழ்கிட்டேன்" என்னும். ஒரு தடவை தெருவில் போன ஆடு கதவில் கொம்பை உரசிவிட்டது. கம்பெனிக்குக் கார் தன் வாயால் கொடுத்த வாக்குமூலத்தில் அது யானை. அதுவும் ஒன்று இல்லை, கூட்டம். அன்றிலிருந்து 'அஞ்சேல் இன்ஷூரன்ஸ்' அந்தக் காரை 'நம்பத் தகாத நாக்கு' என்று ஒதுக்கி வைத்துவிட்டது. அது எதைச் சொன்னாலும் சாட்சியாகாது.

வீட்டின் நாக்கோ சுகந்தியிடம் பழகியது. பதினொரு வருஷத்தில் ஒரு குறை சொன்னதில்லை. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்னும். வருஷா வருஷம் கம்பெனி அதற்கு 'ஆரோக்கியம்: மிக நன்று' என்று சான்று தந்தது. தயாளன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். தன் வீட்டைப் பார்த்துத்தான் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் பொறாமைப்படுவதாகத் தெருவில் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

புரட்டாசி முடியும் சமயம். வீட்டு பாலிசி அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அதற்குள் சர்வேயர் வருவார் என்று செய்தி வந்தது. ஏரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாலிசி இல்லாமல் ஐப்பசிக்குள் நுழைவது, குடுமியை அவிழ்த்துவிட்டுப் புலி முன்னால் உட்காருகிற காரியம். ஆனால் தயாளனுக்குக் கவலையில்லை. பதினோரு தடவை பாஸான பிள்ளை பன்னிரண்டாவது தடவையா ஃபெயிலாகும்?

அன்று காலை காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே," என்றது கார். "இந்த போர்ட்டிகோ என் தலைல விழப் போவுது. நான் அப்பளமாகப் போறேன். சொல்லிட்டேன்."

"நேத்து காக்காவைப் பார்த்து ஏரோப்ளேன் மோத வருதுன்னே."

"அது பெரிய காக்கா. இது நிஜம். மேல பாருங்க."

தயாளன் அண்ணாந்து பார்த்தார். பளிச்சென்று வெள்ளை அடித்த கூரை. ஒரு கீறல் இல்லை.

"பாலாட்டம் இருக்கு. எதைப் பார்த்து பயப்படறே நீ?"

"அந்த வெள்ளையைப் பார்த்துத்தான். வீட்டுக்கு மத்த எங்கயும் அடிக்காம, இங்க மட்டும் போன மாசம் எதுக்கு அடிச்சாங்க?"

தயாளன் பதில் யோசிப்பதற்குள் கேட் திறந்தது.

வந்த சர்வேயர் பெயர் ரோஷிணி. முப்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் ஹெல்மெட். உள்ளே வந்ததும் முதலில் நாக்கைப் பார்க்காமல் போர்ட்டிகோவில் நின்று நாலாபுறமும் பார்த்தாள்.

"இதுதான் அந்தக் காரா சார்?"

"எந்தக் கார்?"

"ஆபீஸ்ல உங்க காரை எல்லாருக்கும் தெரியும். ஒரு மாசமா தினம் எங்களுக்குச் செய்தி அனுப்புது. 'உலகம் இடிந்து விழுகிறது, உடனே வரவும்'னு. ஒருத்தரும் படிக்கறதில்ல. நான் மட்டும் டீ டயத்துல படிப்பேன். நல்லா எழுதுது."

கார் கூச்சத்தில் ஒரு தடவை இண்டிகேட்டரை அடித்துக்கொண்டது.

ஹாலில் உட்கார வைத்தார்கள். சுகந்தி அதிரசத் தட்டோடு வந்தாள். அறுபத்தைந்து வயது, சின்ன உருவம், இடுப்பில் செருகின முந்தானை. ரோஷிணி கையை நீட்டுவதற்கு முன்பே சுவர் பேசியது.

"வெயில்ல வந்திருக்கீங்க மேடம். ஃபேனைக் கூட்டட்டுமா? முதல்ல தண்ணி குடிங்க."

"பரவால்ல. கேள்வியை ஆரம்பிக்கலாமா? கூரை எப்படி இருக்கு?"

"போன வருஷம் மாதிரிதான்."

"ஒழுகல் ஏதாவது?"

"தாங்கற அளவுக்குத்தான்."

"விரிசல்?"

"வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கும். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீங்க அதிரசத்தை எடுத்துக்கவே இல்லையே."

தயாளன் பெருமை தாங்காமல் மீசையைத் தடவினார். சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஷிணி பையை மூடவில்லை.

"சார், பக்கத்துத் தெருவுல ஒரு வீடு. கட்டி முடிச்சு ஆறு மாசம் ஆகல. குழாய் சொட்டுது, கதவு முனகுதுன்னு என்னை ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுப் புலம்பிச்சு. இது பதினோரு வருஷமா வாயே திறக்கல. ஏரிப் பக்கம் இருக்கு, உப்புத் தண்ணி, சுத்தி மரம். ஒரு குறை இல்லாம இருக்க முடியாது."

"என் வீடா பொய் சொல்லுது? நாக்கு பொய் சொல்லாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"பொய் சொல்லல. 'போன வருஷம் மாதிரி'ங்கறது பொய் இல்ல. போன வருஷம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லலையே."

தயாளன் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"எதுக்குக் கேக்கறேன்னா," என்று ரோஷிணி தணிந்த குரலில் சொன்னாள், "இன்ஷூரன்ஸ் திடீர்னு வர்ற ஆபத்துக்குத்தான் சார். புயல், வெள்ளம், மரம் விழறது. நாள்பட்ட ஒழுகலை கவனிக்காம விட்டு, அதனால ஒண்ணு இடிஞ்சா எந்தக் கம்பெனியும் தராது. அதுகூடப் போகட்டும். மறைச்சது தெரிஞ்சா பாலிசியை ரத்து பண்ணிடுவாங்க. நாக்கையும் பிடுங்கிட்டுப் புதுசு வெச்சிடுவாங்க. அது ஒரு வருஷத்துக்கு யார்கிட்டயும் பேசாது."

"பிடுங்கிடுவாங்களா?" இதைக் கேட்டது சுகந்தி.

"ஆமா ஆன்ட்டி. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள வீடே தன் வாயால குறையைச் சொல்லிட்டா, சரி பண்ற வரைக்கும் பழைய பாலிசியையே நீட்டிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. அது சொல்லணும். நாம சொன்னா செல்லாது."

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. தயாளன் சுவர் முன்னால் நின்று கெஞ்சினார். "சொல்லிடும்மா, அப்பாதானே கேக்கறேன்." சுவர் "சாப்பிட்டு மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றது. அதட்டினார். "உங்களுக்கு பிபி ஏறுது, உட்காருங்க" என்றது. ரோஷிணி தன் சட்டப்படியான கேள்விகளை நேராகவும் தலைகீழாகவும் கேட்டுப் பார்த்தாள். "இருக்கறதுதானே," "எல்லார் வீட்லயும் இருக்கறதுதான்," "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வந்தது. உண்மையைச் சொல்லும் இயந்திரத்திடம் உண்மையைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது. அதற்குள் தட்டிலிருந்த அதிரசத்தில் பாதியை ரோஷிணி சாப்பிட்டிருந்தாள். வீடு கேட்டுக் கேட்டே அவளை ஊட்டி முடித்துவிட்டது.

தயாளன் தளர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நெஞ்சுக்குள் அரித்தது. 'வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கும்.' 'தாங்கற அளவுக்குத்தான்.' எங்கே? பெரிய ரோட்டு கிளினிக்கில். டாக்டர் எதிரில் ஸ்டூலில் சுகந்தி உட்கார்ந்திருப்பாள். என்ன செய்கிறது என்று அவர் கேட்பார். "ஒண்ணும் பெருசா இல்ல டாக்டர்" என்பாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, பின்னால் நிற்கும் தயாளனைப் பார்ப்பார். இந்த ஊரில் எந்த நோயாளி தன் நோயைத் தானே சொல்லியிருக்கிறார்? 'நீங்க இருங்கம்மா, கூட வந்தவர் சொல்லட்டும்.' அவ்வளவுதான், தயாளன் மடை திறந்துவிடுவார். ஒரு வருஷமாகத் தூக்கம் இல்லை, ஒரு மாதமாகச் சோறு இல்லை, கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. உடனே சுகந்திக்கு ரோஷம் வந்துவிடும். "இவர் சொல்றதை நம்பாதீங்க டாக்டர். ஒரு வருஷமா? மூணு நாள்தான். தூணா? கணுக்கால்ல கொஞ்சம்." டாக்டர் அதைத்தான் எழுதிக்கொள்வார்.

தயாளன் எழுந்தார். "மேடம், வீட்டைத் தனியாக் கேட்டா சொல்லாது. கூட வந்தவனைக் கேளுங்க."

"யாரு கூட வந்தது?"

"அவன்தான்." போர்ட்டிகோவைக் காட்டினார். "பதினோரு வருஷமா அவ மடியிலதானே நிக்கறான்."

"சார், அந்தக் கார் சொல்றதை நான் எடுத்துக்க முடியாது. அது யானைக் கூட்டம் சொன்ன கார்."

"அவன் சொல்றதை எடுத்துக்க வேணாம். அவனுக்கு இவ சொல்ற பதிலை எடுத்துக்குங்க."

ரோஷிணி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே எழுந்து, வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். கதவருகில் நின்றுகொண்டு, ஒரு காதை ஹாலுக்கும் ஒரு காதைக் காருக்கும் கொடுத்தாள்.

"சரி தம்பி," என்றாள் காரிடம். "கூரை எப்படி இருக்கு? சொல்லு."

கார் பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தது. "கூரையா? கூரைன்னு ஒண்ணு இருக்கா மேடம்? மேல ஓட்டைதான் இருக்கு, சுத்திக் கொஞ்சம் சிமெண்ட் இருக்கு. விரிசல் ஒண்ணு ஓடுது பாருங்க, அதுல திருச்சி எக்ஸ்பிரஸை விடலாம். ரெண்டு ட்ராக் போடலாம்."

ஹால் சுவர் தொண்டையைச் செருமியது. "இவன் சொல்றதைக் கேக்காதீங்க மேடம். எக்ஸ்பிரஸாம். ஒரு விரல் போகும். அதுவும் சுண்டு விரல்."

ரோஷிணியின் விரல், பையிலிருந்து எடுத்த கணினிப் பலகையில் ஓடியது. "நீளம்?"

"இங்கேருந்து செங்கல்பட்டு வரைக்கும்," என்றது கார்.

"ஐயே. தூண்லேருந்து நடு பீம் வரைக்கும்தான்."

"மழை பெஞ்சா மேல ஏரி நிக்குது மேடம். போன வாரம் ஒருத்தன் படகு விட்டான்."

"படகா? கணுக்கால் அளவு. தண்ணி போற ஓட்டைல வேப்பிலை அடைச்சுக்கிட்டிருக்கு, அதான். எடுத்து விட்டா போயிடும்."

"உள்ள மாடி ரூம்ல கடல். அலை அடிக்குது. மீனு துள்ளுது."

"நாலு பக்கெட்," என்றது வீடு கறாராக. "பெரிய மழைன்னா அஞ்சு. மீனெல்லாம் இல்ல."

"கம்பியெல்லாம் கரைஞ்சு காபிப் பொடியாகிடுச்சு."

"எல்லாம் எங்க கரைஞ்சுது? நடுவுல ரெண்டு கம்பிதான். மத்ததெல்லாம் இன்னும் தாங்குது." வீட்டின் குரல் இறங்கியது. "ரெண்டு மாசம் தாங்கும். பெரிய மழையைத் தாங்குமான்னு தெரியல."

தெருவில் யாரோ காய்கறி கூவிக்கொண்டு போனார்கள். சுவருக்குத் தான் எவ்வளவு சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "காபி போடட்டுமா மேடம்?" என்று அவசரமாகக் கேட்டது.

ரோஷிணி ஒட்டடைக் குச்சியை வாங்கிக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனாள். "இதை எல்லாரும் செய்யலாம் சார். மழைக்கு முன்னாடி ஒரு தடவை கூரையைத் தட்டிப் பாருங்க. நல்லா இருந்தா கல்லு மாதிரி சத்தம் வரும். உள்ள பிடிப்பு விட்டுப்போயிருந்தா பானை மாதிரி வரும்." ஓரத்தில் தட்டினாள். கல். நடுவில் தட்டினாள். பானை. இன்னொரு தட்டு தட்டினாள். அப்பளம் அளவில் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து நீலக் காரின் தலையில் விழுந்து உடைந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி, பல் விழுந்த ஈறு மாதிரி தெரிந்தது.

"செத்துட்டேன்," என்றது கார். "என் பிள்ளைங்களைப் பார்த்துக்குங்க."

"டேய், உனக்கு ஏதுடா பிள்ளை," என்றது வீடு உள்ளேயிருந்து.

தயாளன் முதலில் காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினார். பிறகு திரும்பி வந்து அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை டன்னை எந்தக் கம்பி தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற ஆள். தினம் காலையில் அதற்கு அடியில் நின்றுதான் பாட்டுப் பாடிக்கொண்டு கார் துடைத்திருக்கிறார். இந்தத் தடவை எதையும் பெரிதாக்கிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சுகந்தி, உனக்குத் தெரியுமா இது?"

சுகந்தி முந்தானையைத் திருகினாள். "வெள்ளை அடிச்சது நான்தாங்க. ஆள் வெச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? மேஸ்திரியைக் கூப்பிடுவீங்களா? ஏணியைப் போட்டு நீங்களே ஏறுவீங்க. கிரேன்லயே ஏறினவன், இது ஒரு உயரமான்னு கேப்பீங்க. அன்னிக்கு டேங்க் கழுவறேன்னு ஏறி, இறங்கத் தெரியாம உட்கார்ந்து, தெருவே வந்து இறக்கிச்சே."

"தெருவே எங்க வந்துது? வக்கீலும் அவர் பையனும்தான்."

"அதான் மழை முடியட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னு வீட்டுகிட்ட சொல்லி வெச்சேன். அதுவும் சரிம்மான்னுது."

"அம்மா சொன்னதைத்தான் செஞ்சேன்," என்றது வீடு. அதன் குரல் சின்னக் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது. "என்னைப் பிடுங்கிடுவாங்களா மேடம்?"

ரோஷிணி பலகையை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "எதுக்குப் பிடுங்கணும்? விரிசல் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, எத்தனை கம்பி, எல்லாத்தையும் நீயேதானே சொன்னே. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி, உன் வாயால. சட்டம் கேக்கறது அவ்வளவுதான். யாருக்குப் பதில் சொன்னேங்கறதை சட்டம் கேக்கல." கட்டைவிரலை அழுத்தினாள். "பாலிசி நீட்டிச்சாச்சு. சார், இன்னிக்கே இரும்பு முட்டு கொடுத்து நிறுத்துங்க. விட்டுப்போன சிமெண்ட்டைப் பேத்து, துருவைச் சுரண்டி, கம்பி கட்டிப் பூசச் சொல்லுங்க. மேஸ்திரியை வெச்சு. மொட்டை மாடியில தண்ணி போற ஓட்டைக்கு ஒரு கம்பி வலை போடுங்க, இலை அடைக்காது. முடிஞ்சதும் கூப்பிடுங்க, வந்து பார்க்கறேன்."

"நான் ஏற மாட்டேன்," என்றார் தயாளன் கேட்காமலே.

"அப்புறம், வண்டி தண்ணில நின்னா ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. தள்ளிட்டுப் போய்க் காட்டுங்க. தண்ணி இறங்கின இன்ஜினை ஓட்டிக் கெடுத்தா அதுக்கும் காசு வராது."

"முக்கால்வாசி நேரம் நான் தண்ணிலதான் இருக்கேன் மேடம்," என்று தெருவிலிருந்து கார் குரல் கொடுத்தது.

எல்லோரும் சிரித்தார்கள். வீடுகூட லேசாகச் சிரித்தது. அதற்குச் சிரிக்கத் தெரியும் என்று தயாளனுக்கே அன்றுதான் தெரிந்தது. ரோஷிணி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். இந்த முறையை ஆபீஸில் சொல்லப் போவதாகச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டையும் அதன் வண்டியோடு உட்கார வைத்துக் கேட்டால், வண்டி இல்லாதவர்களுக்கு எதிர்வீட்டை உட்கார வைத்தால், தமிழ்நாட்டில் ஒரு விரிசலும் மிச்சமிருக்காது என்றாள். அது அப்படியே நடந்தது. எதிர்வீடுகளை விசாரிக்க ஆரம்பித்த முதல் மாதத்தில், கம்பெனிகளுக்குத் தெரியவந்த உண்மைகளை வைக்க இடம் போதாமல் செங்கல்பட்டில் தனிக் கட்டடம் கட்ட வேண்டியதாயிற்று. அது பெரிய கதை.

கேட் வரைக்கும் போன ரோஷிணியைக் கார் விடவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம். வீட்டைக் கேட்டீங்க. அம்மாவைக் கேக்கலையே?"

"அம்மாவுக்கு என்ன?"

"அந்த பக்கெட்டையெல்லாம் யார் தூக்கறாங்கன்னு நினைக்கறீங்க? மாடிலேருந்து தூக்கிட்டு வந்து செடிக்கு ஊத்துவாங்க. ஊத்திட்டு என் பானெட் மேல கையை ஊணிக்கிட்டு நிப்பாங்க. மூச்சு வாங்கும் பாருங்க, புயல் மாதிரி. என் வைப்பரே ஆடும். ஒவ்வொரு தடவையும் அரை நாள் அப்படியே நிப்பாங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை."

"அரை நாளா?" என்றாள் சுகந்தி சட்டென்று. "ரெண்டு நிமிஷம் நிப்பேன், அவ்வளவுதான். நூறாம் நூறு. அஞ்சாறு தடவைதான் அப்படி வரும்."

சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்திக்கொண்டாள்.

ரோஷிணி கேட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. தயாளன் மனைவியைப் பார்த்தார். நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம்தான். கிரேன் மேலிருந்து பார்ப்பதுபோல எப்போதும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டோமோ என்று தோன்றியது.

"எத்தனை நாளா?"

"ஒண்ணுமில்லைங்க. வயசாகுதில்ல."

அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். சுகந்தி வாசற்படியில் நின்றபடியே காரணங்களை அடுக்கினாள். முதலில் மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும். அடுப்பில் புளிக்குழம்பு இருக்கிறது. கொடியில் துணி. மழை வந்தால் யார் எடுப்பது?

"குழம்பை நான் பார்த்துக்கறேம்மா," என்றது வீடு.

சுகந்தி திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

"எனக்கு வலிக்குதுன்னு சொல்லிட்டேன். அப்பா கோச்சுக்கல. யாரும் என்னைப் பிடுங்கல. நீங்களும் டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா."

சுகந்தி படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தாள். தயாளன் வண்டியைக் கிளப்பினார். தெருமுனை திரும்பும்வரை அவள் மடியிலிருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி மாசத்துலேருந்து," என்று மெல்ல ஆரம்பித்தாள். "முதல்ல மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் இருந்துச்சு..."

தயாளன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய ரோட்டில் பேருந்தே விழுந்துவிடும் போல ஒரு குழி. கார் அதில் இறங்கி ஏறியது. அதுவும் வாயைத் திறக்கவில்லை.